ரூமெனாவின் சிவப்பும் ஒரு சாம்பல் அட்டையும்

சிப்ரோவ்ட்சியில் தறி இல்லாத வீடு குறைவு. ரூமெனாவின் வாயில் விழாத வீடு அதைவிடக் குறைவு. யார் சாயம் காய்ச்சினாலும் நூலை அவளிடம் கொண்டுவந்து காட்டியாக வேண்டும். "இதுக்குப் பேரு செவப்பா? துருப்பிடிச்ச வாளியைக் கழுவின தண்ணி" என்று முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்பிவிடுவாள். அவள் கண்ணுக்கு ஊரே பயந்தது.

இப்போது அவளுடைய கம்பளத்துக்கே சோதனை. தலைநகர் சோஃபியாவில் நடக்கப்போகும் கண்காட்சிக்குப் படத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்களாம். 'மஞ்சிட்டி வேர்ச் சாயம், ஓரம் முதல் ஓரம் வரை ஒரே சிவப்பு' என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தாள். மூன்று குளிர்காலத்து உழைப்பு. அது தேறாமல் போனால் ஊரில் எந்த முகத்தோடு நடப்பது?

படமெடுக்கத் தலைநகரிலிருந்து கிராசிமிர் வந்தான். நாற்பது வயது, நல்ல தொந்தி, அதை இறுக்கிப் பிடித்த ரத்தச் சிவப்புச் சட்டை. நிழலில் தொங்கிய கம்பளத்தின் முன்னால் ஒரு சாம்பல் நிற அட்டையை நிறுத்தினான். தான் வெயிலில் நின்றபடி அதன்மேல் கவிழ்ந்து முதல் படம் எடுத்தான்.

"கம்பளத்தை எடுக்கச் சொன்னா அட்டையை எடுக்கறியே தம்பி, வீடு மாறி வந்துட்டியா?"

"கேமராவுக்குச் சொந்தப் புத்தி கெடையாதுக்கா. இருட்டைக் கண்டா வெளுத்துக் காட்டும், வெள்ளையைக் கண்டா மங்கடிக்கும். இந்த அட்டையைக் காட்டி, 'இதுதான் நடு வெளிச்சம், இதுல எந்த நெறமும் இல்லை'ன்னு சொல்லிட்டா, மத்த நெறமெல்லாம் தானா சரியாயிடும். அட்டை பொய் சொல்லாது."

மடிக்கணினியில் படங்கள் விரிந்தன. கம்பளம் பாசி படிந்த செங்கல் மாதிரி இருந்தது. ரூமெனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அட்டை பொய் சொல்லலை, உன் தொந்திதான் சொல்லுது. சட்டைச் செவப்பு பூரா அட்டை மேல விழுந்து கெடக்கு. அதைக் காட்டி நெறமே இல்லைன்னு கேமராகிட்ட சத்தியம் பண்ணியிருக்கே. அது என் செவப்பையும் சேர்த்துக் கழிச்சுட்டுது. சாயம் பாக்கற அன்னிக்குக் கலர் ஏப்ரன் கட்டினவளை நாங்க வாசப்படியே ஏற விடமாட்டோம். இதுகூடத் தெரியாம சோஃபியாவுல எதைப் படம் புடிக்கறே, முட்டைக்கோஸையா?"

கிராசிமிர் சட்டையைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான்.

அவளோடு தறியில் உட்காரும் நாத்தனார் பென்கா, செத்துப்போன தன் அண்ணனின் கறுப்புக் கோட்டைக் கொண்டுவந்தாள். ஜூலை வெயிலில் அதை மாட்டிக்கொண்டு, வியர்த்து வழிந்தபடி, கிராசிமிர் அட்டையில் தொடங்கி எல்லாவற்றையும் மறுபடி எடுத்தான். ரூமெனா வயிறு குலுங்கச் சிரித்தாள்.

இந்த முறை திரையில் கம்பளம் கனன்றது. "பாத்தியா! இதுதான்டா செவப்பு!"

"ஒத்துக்கறேன்க்கா." அவன் நெற்றியைத் துடைத்தான். "ஆனா கீழே நாலு விரல் அகலத்துக்கு மட்டும் பழுப்பா நெய்திருக்கீங்களே, அது வேணும்னு செஞ்சதா?"

"எங்கே?"

காட்டினான். ரூமெனா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையோடு முகத்தை ஒட்டினாள். ஒரே சிவப்பு. எழுந்துபோய்க் கம்பளத்தின் அடி ஓரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அங்கேயும் ஒரே சிவப்பு.

"மொதல்ல எடுத்ததுல இது தெரியலை. எல்லாமே பழுப்பா இருந்துச்சே," என்றான் கிராசிமிர்.

"பென்கா, நீ சொல்லுடி. ஒரே செவப்புதானே?"

பென்கா தரையைப் பார்த்தாள். "கடைசியாக் காய்ச்சினது கொஞ்சம் அடிப்புடிச்சுப் போச்சு அண்ணி. நெய்யறப்பவே தெரிஞ்சுது."

"வேற யாருக்குத் தெரியும்?"

"பாத்தவங்க எல்லாருக்கும்."

"ஒருத்திக்குக்கூடச் சொல்ல வாய் வரலையா?"

"உங்ககிட்டயா அண்ணி?"

ரூமெனாவுக்குக் காது மடல் வரை சூடேறியது. அவமானமாக இருந்தது. அதைவிட, தன் கண்ணை நினைத்துப் பயமாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எந்தப் படத்தை அனுப்பட்டும்க்கா, மொதல்ல எடுத்ததா, இதுவா?" என்று மெதுவாகக் கேட்டான் கிராசிமிர்.

"இப்ப எடுத்ததையே அனுப்பு," என்றாள் ரூமெனா. "ஊருக்கே தெரிஞ்சது சோஃபியாவுக்கும் தெரியட்டும்."