மூடாமல் விட்ட திரை

மருத்துவமனையின் கணினி அறையில் அவளுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. பாஸ்வேர்டு, அனுமதி என்று வந்துவிட்டால் பெற்ற தகப்பனுக்கும் சலுகை காட்டமாட்டாள். அன்று காலையில் பக்கத்து மேசைக்காரரை ஒரு பிடி பிடித்தாள். நிர்வாகி அதிகாரத்தோடு சர்வர் திரையைத் திறந்து போட்டுவிட்டு மனுஷன் டீ குடிக்கப் போயிருந்தார்.

"திறந்த வீட்டுல நாய் நுழைஞ்ச மாதிரி எவனாவது பூந்துட்டா என்னண்ணா பண்ணுவீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். அவள் மேலாளருக்குப் புகாரும் அனுப்பிவிட்டாள்.

மதியம், ரத்தப் பரிசோதனை முடிவுகள் சேமிக்க முடியவில்லை என்று ஆய்வகத்திலிருந்து போன்மேல் போன். அந்த ஒரு ஃபோல்டரில் எல்லாரும் எழுத அனுமதி கொடுத்தால் தீர்ந்தது என்று அவசரமாகத் தட்டினாள். யானைக்கும் அடி சறுக்கும். கட்டளை இடம் தவறி, சர்வரின் அமைப்புக் கோப்புகள் அத்தனைக்கும் போய்விட்டது. நிர்வாகி அதிகாரம் வழங்கும் 'சூடோ' என்ற நிரல், யார் யார் நிர்வாகி என்று பார்த்துக்கொள்ளும் கோப்பும் அதில் அடக்கம். கண்டவனும் திருத்தக்கூடிய கோப்பை நான் நம்பமாட்டேன் என்று சூடோ கையை விரித்தது. கோப்பைச் சரிசெய்ய நிர்வாகி அதிகாரம் வேண்டும். அந்த அதிகாரத்தைத் தரவேண்டியதே சூடோதான்.

சர்வரை நிறுத்தி எழுப்பினால் சரிசெய்யலாம். ஆனால் போன மாதம் நின்றபோதே, இன்னொரு முறை நின்றால் வேலை இருக்காது என்று மேலாளர் சொல்லியிருந்தார். வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான்.

மெல்ல எழுந்து பக்கத்து மேசைக்குப் போனாள்.

"அண்ணா, காலைல சொன்னேனே, அந்தத் திரைய மூடிட்டீங்களா?"

"மூடத்தான் உக்காந்தேன் மேடம். புகார் போயிடுச்சுன்னு கேள்விப்பட்டதும் கோவம். அப்படியே மினிமைஸ் பண்ணி வச்சிட்டேன். இன்னும் மூடல."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஏற்கெனவே நிர்வாகி அதிகாரத்தோடு திறந்திருக்கும் திரை சூடோவிடம் போய் நிற்கவேண்டியதில்லை. நடந்ததைச் சொன்னாள். குத்திக்காட்ட இதைவிட நல்ல நேரம் அவருக்குக் கிடைக்காது. அவரோ எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

முதலில் சூடோவின் கோப்பு, பிறகு பழைய பிரதியோடு ஒப்பிட்டு மற்றவை, கடைசியில் ஆய்வகத்தின் ஃபோல்டர். சர்வர் நிற்கவேயில்லை. போன் ஓய்ந்தது.

"புகார வாபஸ் வாங்கிடறேன்ணா. இத நான்தான் பண்ணேன்னும் எழுதிடறேன்."

"அத அப்புறம் பாத்துக்கலாம். இப்ப இத மூடிடட்டுமா மேடம்?"

அவர் கை மவுஸுக்குப் போனது.

"கொஞ்சம் இருங்கண்ணா," என்றாள் சட்டாம்பிள்ளை.