டாக்டர் க்ளென்னும் ஐம்பத்தைந்து சதவீதமும்

பிலடெல்ஃபியாவின் புறநகர் ஒன்றில் இருபது வருடமாகப் பல் பிடுங்கிக்கொண்டிருந்த டாக்டர் க்ளென் ஹோஸ்டெட்டர், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் நிற்கப்போவதாகச் சொன்னபோது யாரும் மறுத்துப் பேசவில்லை. எப்படிப் பேசுவார்கள்? வாயில் பஞ்சைத் திணித்த பிறகுதான் மனிதர் விஷயத்தையே ஆரம்பிப்பார்.

இப்படிப்பட்டவருக்குத் தொகுதியின் மனசு தெரிய ஒரே வழி கைபேசிதான். யார் ஜெயிப்பார் என்று பந்தயம் கட்டும் தளம் ஒன்று இருந்தது. க்ளென் ஜெயிப்பார் என்று நம்புகிறவர் அவர் பேரில் வாங்குவார், நம்பாதவர் விற்பார். வாங்கினால் அவருடைய வாய்ப்பு ஏறும், விற்றால் இறங்கும். உள்ளூர்ப் பத்திரிகை அந்த எண்ணை முதல் பக்கத்தில் போட்டு, ‘வாக்காளர் மனநிலை’ என்று பெரிதாகப் பெயரும் வைத்திருந்தது.

பகலெல்லாம் ஐம்பத்தைந்து சதவீதத்தில் நிற்கும். சாயங்காலம் க்ளென் கார் ஷெட்டில் நின்று பிரசங்கத்தை ஒத்திகை பார்த்து முடிப்பதற்குள் நாற்பத்தெட்டுக்கு விழுந்துவிடும். வேட்பாளர் இதில் கை வைக்கக் கூடாது என்பது விதி. அதனால் அவர் கை வைக்கவில்லை. ஒஹையோவில் இருக்கும் தம்பி டேலுக்குப் பணம் அனுப்பி வாங்கச் சொன்னார். எண் மறுபடி ஏறும், மறுநாள் சாயங்காலம் மறுபடி விழும். ‘தொகுதியில் ஊசலாட்டம்’ என்று பத்திரிகை எழுதியது.

ஒத்திகை நேரம் பார்த்தே விழுவதால், யாரோ வீட்டுக்குள்ளிருந்து உளவு சொல்கிறார்கள் என்று க்ளென்னுக்குச் சந்தேகம். பிரசாரத்தைக் கவனித்துக்கொண்ட ட்ரென்ட் மேல்தான் முதலில் கண் போனது. பாவம், அவன் காபி வாங்கப் போனால்கூட எதிராளியைப் பார்க்கப் போகிறானோ என்று இவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹாலோவீன் வந்தது. பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் அந்த மாலையில், டாக்டர் வீட்டில் மட்டும் வருஷா வருஷம் பல் தேய்க்கும் பிரஷ்தான் கிடைக்கும். இந்த முறை பிரஷ்ஷில் தன் பெயரையே அச்சடித்து வைத்திருந்தார். ட்ரென்டிடம்கூடச் சொல்லவில்லை. தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த மனைவி மார்லீனிடம் மட்டும் பெருமையாகக் காட்டினார். அவள் சரி என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கும் அறைக்குப் போனாள்.

க்ளென் கைபேசியைத் திறந்தார். முப்பத்தொன்பது. நேரே அந்த அறைக்குப் போனார். மார்லீன் கையில் கைபேசி.

“யார்கிட்ட சொன்ன?”

“யார்கிட்டயும் சொல்லல. நான்தான் வித்தேன்,” என்றாள் அவள், கொஞ்சமும் அசராமல். “ஷெட்டுச் சுவர் தாண்டி உன் பிரசங்கம் கேக்குது, க்ளென். கேட்டுட்டு விக்காம எப்படி இருக்கறது? ஆனா ஒண்ணு. நான் விக்க விக்க எவனோ ஒரு ஏமாளி விடாம வாங்கறான்.”

“அது டேல்.”

“டேல்கிட்ட ஏது பணம்?”

கேட்டு முடிப்பதற்குள்ளேயே மார்லீனுக்குப் புரிந்துவிட்டது. அழுக்குத் துணிக்கூடை மேலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பத்திரிகை இத்தனை நாள் எழுதிய ஊசலாட்டமெல்லாம் ஷெட்டுக்கும் இந்த அறைக்கும் நடுவே நடந்ததுதான். தொகுதியில் வேறு ஒரு ஜீவனும் பந்தயம் கட்டவில்லை.

க்ளென்னுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரே விற்றிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

“நான் தோத்துடுவேன்னு நெஜமாவே நினைக்கறியா?”

அவள் சிரிப்பை நிறுத்தினாள். “தோத்தா மூணு மாசம் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இருப்ப. அதப் பாத்துட்டு இருக்கப் போறவ நான். எனக்கு ஆறுதலா அந்தப் பந்தயப் பணமாவது வேணாமா?” பிறகு குரலைத் தாழ்த்தி, “என் ஓட்டு உனக்குத்தான். நீ ஜெயிக்கணும். ஆனா அந்த பிரஷ்ஷ வெச்சுகிட்டு ஜெயிக்க முடியாது,” என்றாள்.

வாசல் மணி அடித்தது. மார்லீன் சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு மூட்டை சாக்லேட்டை இழுத்தாள். முழு நீளக் கட்டிகள். டாக்டரிடம் பிரஷ் வாங்கி முகம் சுருங்கிப் போகும் பிள்ளைகளைப் பின்வாசலுக்குக் கூப்பிட்டு இவள் சாக்லேட் கொடுத்துச் சமாதானம் செய்வது வருஷா வருஷம் நடக்கிறது. மிட்டாய் தராத வீட்டில் பிள்ளைகள் விஷமம் செய்வது ஹாலோவீன் வழக்கம்; இத்தனை வருஷமும் ஜன்னல் உடையாமல் தப்பியது அதனால்தான்.

பல் டாக்டர் பிரஷ் பெட்டியைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டுப் போய்க் கதவைத் திறந்தார். ஒரு குட்டிச் சூனியக்காரியின் பையில் சாக்லேட்டைப் போட்டார். கூட வந்த அப்பா அவரை உற்றுப் பார்த்து, உடம்பு ஏதும் சரியில்லையா டாக்டர் என்று கேட்டார்.

பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். அதற்குள் டேல் போனில் கூப்பிட்டான்.

“முப்பத்தொன்பதுல கெடக்கு, க்ளென். தூக்கி விடலாம்னு அரைமணி நேரமா பாக்கறேன். யாருமே விக்க மாட்டேங்கறாங்க. என்ன பண்ண?”

க்ளென் திரும்பிப் பார்த்தார். மார்லீன் இரண்டு கை நிறைய சாக்லேட்டோடு பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் கைபேசி உள்ளே துணிக்கூடையில் கிடந்தது.

“விட்டுடு டேல். இனிமே வாங்க வேணாம்,” என்றார். அடுத்து வந்த எலும்புக்கூட்டுக்கு இரண்டு கட்டி கொடுத்தார்.