சீசோ காப்பிக்குப் போன பாட்டு

"வாயைத் துடைச்சுக்கிட்டுப் போயேன்" என்றாள் நீவெஸ். அவள் கணவன் சீசோ புறங்கையால் துடைத்துக்கொண்டான். மோவாயில் எண்ணெய் இன்னும் மினுங்கியது. கடலைமாவு அடையைச் சுடச்சுடக் காகிதத்தோடு வாங்கி, நின்றபடியே தின்கிறவனை எப்படித் திருத்துவது?

"ஒரே ஒரு காப்பி. வந்ததும் கடைசிச் சரணம். அதோட என் இசைத்தட்டு முடிஞ்சது" என்று சொல்லிவிட்டு, ஒலிப்பதிவுக் கூடத்தின் கதவைத் திறந்துபோட்டுத் தெருவைக் கடந்தான். எதிர்க் கடையில், கோப்பையைக் கையில் எடுப்பதற்குள் அவன் நெஞ்சு நின்றுவிட்டது.

ஜெனோவாவில், கடல் தெரிகிற மேட்டில் அவனைப் புதைத்தார்கள். கீழே இறங்கும்போது தாளக்காரன் பால்மிரோ மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னான்: "பாட்டு நடுவுல காப்பிக்குப் போறதே அவனுக்குப் பொழப்பு. இந்த வாட்டி திரும்பி வரல, பாவி." நீவெஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுடைய மாமியார் வீட்டு உறவுகள் திரும்பிப் பார்த்தார்கள்.

பால்மிரோ சொன்னது சத்தியம். 'ஏழாவது சாட்சியின் தோட்டம்' என்ற ப்ராக்ரஸிவ் ராக் குழுவில் சீசோ பத்து வருடம் பாடினான். அவர்களுடைய ஒரு பாட்டு, இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடும். அதில் பாடகனுக்கு மொத்தம் ஐந்து நிமிடம். மிச்சமெல்லாம் ஆர்கன் வாசிக்கும் எவாரிஸ்தோவுக்கு. மற்ற குழுக்களின் பாடகர்கள் அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ தரிசனம் கிடைத்ததுபோல மேடையில் நிற்பார்கள். சீசோ இறங்கிப் பக்கத்துக் காப்பிக் கடைக்குப் போய்விடுவான். திரும்பி வந்து, மேடை ஓரத்தில் நின்று புறங்கையால் வாயைத் துடைப்பான். அதுதான் சைகை. அதைப் பார்த்ததும் எவாரிஸ்தோ முடிக்கத் தொடங்குவான், பால்மிரோ நாலு அடி அடிப்பான், கடைசிச் சரணம் வரும். நேரமானால் கடைக்குப் போய் ஆளை இழுத்து வருவது நீவெஸின் வேலை.

ஒருமுறை அலெஸ்ஸாந்திரியாவில் கச்சேரி; நீவெஸ் கூடப் போகவில்லை. சீசோ கடையின் டிவியில் கால்பந்து பார்க்க உட்கார்ந்துவிட்டான். எவாரிஸ்தோ அரைமணி நேரம் வாசித்தான், கண் முழுக்க மேடை ஓரத்தின்மேல். 'காலத்தையே எதிர்த்து நின்ற துணிச்சல்' என்று மறுநாள் பத்திரிகை எழுதியது. சீசோ அதை வெட்டிக் குளிர்பெட்டியில் ஒட்டிவைத்தான்.

இப்படி நீளும் பாட்டுகள்மேல் இருந்த கடுப்பில்தான், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில், தனித் தட்டுப் போடக் கிளம்பினான். பெயர் 'சுருக்கமாகச் சொன்னால்'. ஒன்பது பாட்டு, எதுவும் நாலு நிமிடத்தைத் தொடாது, ஆர்கன் தனியாவர்த்தனம் கிடையாது. யாரும் நீட்டிவிடக் கூடாதென்று, ஒவ்வொரு பாட்டின் நேரத்தையும் போட்டுத் தட்டின் அட்டையை முன்கூட்டியே அச்சடிக்கச் செய்தான். குழுவை விட்டு விலகினானே தவிர, வேறு வாத்தியக்காரர்களை அவனுக்குத் தெரியாது. அதனால் அதே குழுவைக் கூலிக்கு அமர்த்தினான்.

"மூணு நிமிஷமா?" என்று எவாரிஸ்தோ கத்தியிருந்தான். "எனக்கு ஆர்கன் சூடாகவே அவ்வளவு நேரம் ஆகும்டா!"

"அப்ப வீட்டுலயே சூடு பண்ணி எடுத்துட்டு வா."

இப்போது எட்டுப் பாட்டு முழுசாக இருந்தது. ஒன்பதாவதில் கடைசிச் சரணம் மட்டும் இல்லை.

இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் வீட்டுக்கே வந்தார். "சின்யோரா, மிலான்ல ஒருத்தன் இருக்கான். குரல் அச்சு அசல் உங்க வீட்டுக்காரர் மாதிரியே. ஒரு சரணம்தானே, யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

"முடியாத தட்டை நான் விக்க முடியாதே. வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்களே எப்படியாவது முடிச்சுக் குடுங்க. இல்லேன்னா அவனைக் கூப்பிடுறேன்."

சீசோவின் தட்டில் இன்னொருவன் வாய் திறக்கக் கூடாது. நீவெஸுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. எவாரிஸ்தோவையும் பால்மிரோவையும் கூப்பிட்டாள்.

"கடைசிச் சரணத்தைப் பாடாம, மெட்டா வாசிச்சுடலாம். அதுக்கு முன்னாடி சின்னதா ஆர்கன்" என்றான் எவாரிஸ்தோ. "ஒரு நிமிஷம். எங்க அம்மா மேல சத்தியம்."

"உங்க அம்மா போய்ப் பதினஞ்சு வருஷம் ஆச்சேடா" என்றான் பால்மிரோ.

"அந்தத் தைரியத்துலதான் சத்தியம் பண்றேன்."

வியாழன் மதியம் பதிவு. நீவெஸ் கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஒலிநாடாவில் சீசோவின் குரல் இரண்டு சரணம் பாடி ஓய்ந்தது. ஆர்கன் மெதுவாக எழுந்தது. ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு, மூன்று. சத்தியம் காற்றில் போனதே என்று நீவெஸுக்குக் கோபம் ஏறியது. பால்மிரோவாவது நிறுத்துவான் என்று பார்த்தாள். அவன் அடித்துக்கொண்டே கதவைப் பார்த்தான். எவாரிஸ்தோவின் கண்ணும் கதவில்தான். அவன் முகத்தில் வியர்வை; கொஞ்சம் பயமும் இருந்தது. முடிக்க அவனுக்கு வழி தெரியவில்லை. பத்து வருடத்தில் ஒருநாள்கூட அவன் தானாக முடித்ததில்லையே. சீசோ வரவேண்டும், அப்போதுதான் முடியும்.

நீவெஸின் கோபம் எங்கோ போயிற்று. இன்னும் கொஞ்ச நேரம் அவர்களைக் காத்திருக்க விட்டாள், அவளுமே காத்திருந்தாள். பிறகு எழுந்து, கதவைத் திறந்து, வெளியிலிருந்து வந்தவள்போல நிலைப்படியில் நின்று, புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

எவாரிஸ்தோ பெருமூச்சு விட்டது அவளுக்குத் தெரிந்தது. ஆர்கன் இறங்கியது. பால்மிரோ நாலு அடி அடித்தான். கடைசிச் சரணத்தின் மெட்டைச் சொல் இல்லாமலே முழுசாக வாசித்து நிறுத்தினார்கள்.

"எவ்வளவு ஆச்சு?" என்றான் எவாரிஸ்தோ, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"பதினோரு நிமிஷம்" என்றான் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பதிவுக்காரன்.

"சீசோ இருந்திருந்தா என்னைக் கொன்னிருப்பான்."

"இருந்திருந்தா இவ்வளவு நேரம் ஆகியிருக்காது" என்றாள் நீவெஸ். முதலில் சிரித்தது பால்மிரோதான். அப்புறம் மூவரும் தெருவைக் கடந்து போய்க் காப்பி குடித்தார்கள்.

கம்பெனிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு பதிவைக் கேட்டார், இரண்டாவது முறையும் கேட்டார். "சரி, இப்படியே போகட்டும்" என்றார். அட்டையை மட்டும் மறுபடி அச்சடிக்க முடியாது என்றார். செலவாம்.

பிறகு அந்தத் தட்டு எத்தனையோ முறை வெளிவந்தது, ஜப்பானில்கூட. ஒன்பதாவது பாட்டுக்கு நேரே இன்றைக்கும் சீசோ போட்ட நேரம்தான் இருக்கிறது: மூன்று நிமிடம், பத்து நொடி.