மாடி வீட்டுச் சாம்பாரும் கீழ் வீட்டுக் கடைசலும்

சாம்பாரில் வெல்லம் போடுகிறவர்களோடு நமக்கென்ன பேச்சு என்று பெங்களூருக்கு வந்த முதல் வாரத்திலேயே முடிவு செய்துவிட்டவள் நான். ஆனால் வாய்த்தது அப்படிப்பட்டவர்களின் கீழ்வீடுதான். ஜோகுபாளையத்தில், ஓர் ஆட்டோ நுழைந்தால் சைக்கிள்காரர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து. மாடியில் வீட்டுக்காரர் மஞ்சுநாத் அங்கிள், அவர் மனைவி ஸ்வர்ணா ஆன்ட்டி, மகன் தருண். கீழே நானும் என் கணவர் பரத்தும். அவர்களுக்குச் சொந்த ஊர் மண்டியா. எங்களுக்குச் செய்யாறு.

ஸ்வர்ணா ஆன்ட்டி சரளமாகத் தமிழ் பேசுவார். கல்யாணமாகி வந்த தெருவில் பாதிப் பேர் தமிழ் பேசியதால் தானாக ஒட்டிக்கொண்ட தமிழ். அதை அவர் பெரும்பாலும் என் சமையலைத் திட்டத்தான் பயன்படுத்தினார். நான் தாளித்தால் போதும், மாடிப்படியிலிருந்து குரல் வரும்.

"சிந்து, இன்னிக்கும் புளிக்கொழம்பா? உங்க வயிறு என்ன வயிறா, புளி மண்டியா?"

"உங்க சாம்பாரு பாயசம் பக்கத்துல வச்சா எது எதுன்னு தெரியலையாமே ஆன்ட்டி, நிஜமா?"

இப்படி ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சண்டை போடாவிட்டால் இரண்டு பேருக்குமே பொழுது போகாது. சண்டைக்கு எண்ணெய் ஊற்றுகிறவன் தருண். ஐடி கம்பெனியில் வேலை என்று பெயர், முழுநேர வேலை நாக்குக்குத்தான். ஊரிலுள்ள எல்லா ஓட்டலைப் பற்றியும் அவனுக்கு அபிப்பிராயம் உண்டு. ஆந்திரா மீல்ஸ் சாப்பிடும்போது சொர்க்கம், மறுநாள் காலையில் நரகம் என்பான். மோமோ என்பது வழி தவறிய கொழுக்கட்டை. வடநாட்டுப் பனீர் குழம்பு, உப்புப் போட்ட கேசரி. கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் செய்யாறு சமையலைப் பற்றி அவன் வாயைத் திறந்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும்.

அவன் தொடாத ஒரே பொருள் எறா, அதாவது இறால். சின்ன வயதில் மங்களூருவில் ஒரு கல்யாணத்தில் ஒன்றே ஒன்று சாப்பிட்டு, தொண்டை வீங்கி, மூச்சு நின்று, ஐசியூவில் கிடந்து பிழைத்தவன். எங்களுக்கு வீடு கொடுத்தபோது ஆன்ட்டி அதைத்தான் முதலில் சொன்னார். "கறி, மீன் எது வேணும்னாலும் சமைச்சுக்கோ கண்ணு. எறா செஞ்சா மட்டும் மேல குடுத்தனுப்பாத. அவன் உயிருக்கு ஆபத்து." நான் அதைத் தலைமேல் வைத்துக் காப்பாற்றினேன். எனக்கு எறாத் தொக்கு என்றால் உயிர். இந்த வீட்டுக்கு வந்தபின் ஒருமுறைகூட வாங்கியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சண்டையைத் தீர்த்துவைக்கப் போவதாகத் தருண் அறிவித்தான். ஆன்ட்டி மண்டியா சமையல் செய்ய வேண்டும், நான் செய்யாறு சமையல். அவன் நடுவர். இரண்டு பக்கமும் கறி, மீன் கூடாது, வெறும் காய்கறிதான். கறி போட்டால் எந்தக் குப்பையும் ருசியாகிவிடும் என்பது அவன் கட்சி. மஞ்சுநாத் அங்கிள் நிலத் தகராறு ஒன்றுக்காக ஊருக்குப் போயிருந்தார். பரத்துக்கு ஞாயிறும் ஷிப்ட். ஆக மாடியில் நாங்கள் மூன்று பேர் மட்டும்.

ஆன்ட்டி ராகி முத்தை என்ற களி உருண்டையும் பஸ்ஸாரும் பருப்புக் கோசம்பரியும் செய்திருந்தார். நான் சாம்பார், ரசம், கத்திரிக்காய்க் கடைசல் கொண்டுபோனேன். உட்கார்ந்ததுமே ஆன்ட்டி என் சாம்பாரைத் தொட்டு நாக்கில் வைத்து முகத்தைச் சுளித்தார்.

"அய்யோ, பல்லு கூசுது."

"இதுக்கு மேல ஒரு வார்த்தை பேசுனீங்கன்னா உங்க பஸ்ஸாருல கருவாட்டைக் கிள்ளிப் போட்டுருவேன். பாத்துக்குங்க," என்றேன். தருண் விழுந்து விழுந்து சிரித்தான்.

முத்தையை எப்படி மெல்லாமல் விழுங்குவது என்று ஆன்ட்டி எனக்கு வகுப்பெடுத்தார். மெல்லாமல் விழுங்குவதற்கு நாக்கு எதற்கு, மாத்திரை போதுமே என்றேன். ஆனாலும் அந்தப் பஸ்ஸாரு, சொல்லக்கூடாது, அமிர்தம். கீரை வேகவைத்த தண்ணீரில் இவ்வளவு ருசியை எங்கே ஒளித்துவைத்தார்கள் என்று உள்ளுக்குள் பொறாமைப்பட்டேன். வெளியே சொல்வேனா? தருண் என் சாம்பாருக்கு ஐந்துக்கு மூன்று கொடுத்தான். ரசத்துக்கு நான்கு. அப்புறம் கடைசலைச் சோற்றில் பிசைந்து ஒரு வாய் வைத்தவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"அம்மா, சாரி. அக்கா ஜெயிச்சுட்டாங்க."

"சும்னே இருடா!" என்று ஆன்ட்டி அவன் தோளில் தட்டினார்.

"இல்லம்மா, நிஜமாத்தான். வெறும் கத்திரிக்கா இது! அக்கா, இதுல என்னமோ போட்டிருக்கீங்க. பேரு சொல்ல வரல. என்ன அது?"

ஜெயித்த திமிர் எனக்குத் தலைக்கேறியது. ஆன்ட்டியை ஓரக்கண்ணால் பார்த்தபடி ஒவ்வொரு விரலாக மடக்கினேன். "சின்ன வெங்காயம். பூண்டு, அது தாராளமா. கொட்டைப்பாக்கு அளவு புளி. வறுத்து இடிச்ச மல்லி. அப்புறம்..."

அடுத்த விரல் மடங்கவில்லை.

அடுப்பங்கரையில் மல்லி டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு டப்பா என் கண்முன் வந்து நின்றது. அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய சென்னாக்குன்னி. அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக, காய்ந்து சருகாகக் கிடக்கும் பொடி எறா. வெறும் சட்டியில் வறுத்து, நொறுக்கி, கத்திரிக்காயோ கீரையோ இறக்கும்போது ஒரு பிடி தூவுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதை எங்கள் வீட்டில் யாரும் எறா என்று நினைத்துச் சமைப்பதில்லை. பெருங்காயம் மாதிரி அதுவும் ஒரு வாசனைச் சாமான், அவ்வளவுதான். காலையில் ஆன்ட்டியை எப்படி மடக்குவது என்று யோசித்துக்கொண்டே கடைந்தேன். கை தன்பாட்டுக்கு டப்பாவைத் திறந்து, தன்பாட்டுக்குத் தூவிவிட்டு வந்திருக்கிறது.

தருண் அடுத்த உருண்டையை உருட்டிக்கொண்டிருந்தான்.

"தருண், சாப்பிடாத! துப்பு! அதுல எறா இருக்கு!"

ஒரு கணம் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அப்புறம் வெடித்துச் சிரித்தார்கள்.

"தோத்தா கருவாடு, ஜெயிச்சா எறாவா?" என்றார் ஆன்ட்டி, கண்ணில் வந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டே.

"வெளையாடல ஆன்ட்டி, சத்தியமா. சென்னாக்குன்னி போட்டிருக்கேன். மறந்து போட்டுட்டேன்."

"கத்திரிக்கால போய் யாராச்சும் எறா போடுவாங்களா? எறான்னா அதைத் தனியா வறுப்பாங்க, கொழம்பு வைப்பாங்க. காயில கலக்குற ஊரு எங்க இருக்கு?"

"எங்க ஊருல போடுவாங்க ஆன்ட்டி!"

"அக்கா, ஆக்டிங் சூப்பர்," என்றான் தருண், வாய் நிறையச் சோற்றோடு.

நான் அவன் தட்டைப் பிடித்து இழுத்தேன். விளையாட்டென்று நினைத்து அவனும் இழுத்தான். ரசக்கிண்ணம் கவிழ்ந்து தரையெல்லாம் ஓடியது. ஆன்ட்டி கடைசலை விரலால் வழித்து நாக்கில் வைத்து, பெரிய நீதிபதி மாதிரி யோசித்தார். கடலே இல்லாத ஊரில் பிறந்தவர். வாழ்நாளில் எறாவை மகனுக்குப் பயந்து வீட்டு வாசலில்கூட விட்டதில்லை. அவருக்கு எப்படித் தெரியும்?

"பூண்டு இருக்கு, புளி இருக்கு. எறாவும் இல்ல, கிறாவும் இல்ல. பாராட்டுனா இவளுக்கு வெக்கம், அதான் கதை விடறா. நீ சாப்பிடு புட்டா," என்று சொல்லிக் கரண்டி நிறைய அள்ளி அவன் சோற்றில் போட்டார்.

என் பேச்சை இனி யாரும் நம்பப்போவதில்லை என்று புரிந்தது. எழுந்து ஓடினேன். மாடிப்படியில் கால் எங்கே வைக்கிறேன் என்றே தெரியவில்லை. என் வீட்டுப் பூட்டில் சாவி நுழையாமல் சுற்றிச் சுற்றிக் கீறியது. ஐயோ சாமி, அவன் விழுங்கக்கூடாது, அந்த வாயை மட்டும் விழுங்கக்கூடாது என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். டப்பாவை எடுத்துக்கொண்டு மேலே வந்தபோது அவன் தட்டு காலியாக இருந்தது.

டப்பாவைத் திறந்து ஆன்ட்டியின் மூக்குக்கு நேராக நீட்டினேன். உள்ளே சின்னச் சின்ன மீசைகளும் கருப்புக் கண்களுமாகக் கிடந்தன. அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. போகவில்லை, நின்றது. அதைப் பார்க்க எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"தருண்..." என்றார்.

அவன் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தான். "ஒண்ணுமில்லம்மா. வேர்வை." குரல் கரகரத்தது. கழுத்தில் தடிப்புத் தடிப்பாகச் சிவந்திருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலுதடு ஒரு பக்கம் வீங்கியது. ஆன்ட்டி அலமாரியைத் திறந்து அலர்ஜி மாத்திரையைத் தேடினார். பெட்டிகள் எல்லாம் கீழே விழுந்தன. கிடைத்த மாத்திரையை அவனால் விழுங்க முடியவில்லை. அப்போதுதான் அவன் கண்களில் பயம் வந்தது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த கண்கள்.

பால்கனியிலிருந்து தெருவே அதிரும்படி கத்தினேன். சந்து முனையில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த ஜெயராஜ் நிமிர்ந்து பார்த்தார், ஒரு கேள்வி கேட்காமல் வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார். தருணை நடுவில் உட்காரவைத்து இரண்டு பக்கமும் நாங்கள் பிடித்துக்கொண்டோம். ஒவ்வொரு மூச்சுக்கும் அவன் நெஞ்சிலிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமையிலும் வண்டிகள் நின்றுகிடந்தன. ஜெயராஜ் ஒன்வேயில் எதிர்ப்பக்கம் ஏற்றி, வருகிறவர்களையெல்லாம் கன்னடத்திலும் தமிழிலும் மாறி மாறித் திட்டிக்கொண்டே ஓட்டினார்.

போலீஸ் வருமோ என்று பயந்தேன். பரத்திடம் என்ன சொல்வேன் என்று பயந்தேன். ராத்திரியே சாமான்களைத் தெருவில் எறிந்துவிடுவார்களோ என்றுகூடத் தோன்றியது. அப்புறம் அந்த விசில் சத்தம் மெலிந்தது. அது மெலிந்ததும் மற்ற பயமெல்லாம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. மூச்சு விடு, மூச்சு விடு என்று அவன் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அவன் உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஆன்ட்டி மகனின் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்தபடி ரோட்டையே வெறித்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் ஓடிவந்தார். "என்ன சாப்பிட்டாரு?"

"காஞ்ச எறா டாக்டர். பொடி எறா. கத்திரிக்காய்ல கலந்திருந்தது. சின்ன வயசுலயே அலர்ஜி," என்றேன். வேறு எதுவும் கேட்காமல் அவன் தொடையில் ஊசி போட்டு, முகத்தில் ஆக்சிஜனை மாட்டி, உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடிக்கொண்டது.

வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தோம். ஆன்ட்டி எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். நடுவில் இருந்த காலி நாற்காலியைப் பார்க்கவே எனக்குத் தைரியமில்லை. அவர் என்னைத் திட்டினால் தேவலை, அறைந்தால் இன்னும் தேவலை என்று இருந்தது. பக்கத்தில் யாரோ ஒருவர் டிபன் பாக்ஸைத் திறந்தார். குழம்பு வாசனை வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் போனதோ, டாக்டர் வந்தார். மூச்சு சீராகிவிட்டது, இன்றைக்கு இங்கேயே இருக்கட்டும், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார். கடைசி வார்த்தையை மட்டும்தான் நாங்கள் இரண்டு பேரும் கேட்டோம் போலிருக்கிறது. ஆன்ட்டி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், ஆனால் அவர் பக்கத்தில் போகவில்லை.

அப்போது அவர் போன் அடித்தது. மஞ்சுநாத் அங்கிள். ஜெயராஜ் சொல்லியிருக்க வேண்டும். நம் கதை முடிந்தது என்று நினைத்தேன். நாளைக்கே வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்கள், சொல்ல வேண்டியதுதான், நியாயம்தான்.

ஆன்ட்டி போனை எடுக்காமல் எழுந்து வந்து, நடுவிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் கை ஐஸாகச் சில்லிட்டிருந்தது.

"சிந்து, நீ சொன்ன. எத்தனை தடவை சொன்ன. நான் சிரிச்சேன்."

"ஆன்ட்டி, தப்பு என்னுது..."

"நீ மறந்து போட்ட. நான் கேட்டுட்டும் போட்டேனே. என் கையால அள்ளிப் போட்டேனே. அந்த ரெண்டாவது கரண்டிய அவர்கிட்ட சொல்லிடாத கண்ணு. அவர் என்னை மன்னிக்கவே மாட்டார்."

இத்தனை நேரமும் நான் இவருக்குப் பயந்துகொண்டிருந்தேன். இவர் எனக்குப் பயந்துகொண்டிருந்திருக்கிறார்.

போன் நின்று மறுபடி அடித்தது. அவர் அவசரத்தில் எதையோ அழுத்த, ஸ்பீக்கரில் அங்கிளின் குரல் அந்த வராந்தா முழுக்கக் கேட்டது. கன்னடத்தில் கத்தினார். பையன் எப்படி இருக்கிறான், எதில் எறா கலந்தது, எறா இருக்கிறது என்று தெரியாமல் எந்த அறிவுகெட்டவள் பரிமாறியது?

ஆன்ட்டி என்னைப் பார்த்தார். நான் போனை வாங்கிக்கொண்டேன்.

"அங்கிள், நான் சிந்து பேசறேன். தருண் நல்லா இருக்கான். சமைச்சது நான், பரிமாறுனதும் நான். ரெண்டு தடவையும் நான்தான் போட்டேன்."