துக்க வீட்டுப் பெட்டி

படமெடுக்கப் போகிற இடத்துக்குத் தகுந்தபடி பெட்டி மாறும். கல்யாணமென்றால் வர்ணத் திரையைச் சுருட்டி மூங்கிலோடு சேர்த்துக் கட்ட வேண்டும், வெளிச்சத்துக்குக் கொளுத்துகிற பொடியைத் தகர டப்பியில் தனியாக வைக்க வேண்டும். குடுமியான்மலைப் பக்கம் போனால் காற்றில் முக்காலி சாயாமலிருக்க மணல் பை. துக்க வீட்டுக்குச் சாமான் கம்மி. சீப்பு, முகப்பவுடர், பிணத்தை நாற்காலியோடு சேர்த்துக் கட்ட வெள்ளைத் துணி.

புதுக்கோட்டை கீழராஜ வீதியிலிருந்த அந்தப் படக்கடையில் பெட்டி கட்டுகிறவனும் சுமக்கிறவனும் சந்தனராஜ்தான். ஆவூர்க்காரன். வாசலில் இலுப்பூர் பக்கத்து மாட்டுவண்டி ஒன்று நின்றது. அதில் வந்திருந்த ஆண்டிச்சாமி, நெல் மூட்டையைத் தன் முதுகிலேயே இறக்கி உள்ளே கொண்டுவந்து வைத்தான். கிணறு வெட்டும் வேலைக்குப் போன அவன் தம்பி நாகராசு காய்ச்சலில் இறந்துபோயிருந்தான்; படமெடுக்க நெல்தான் கூலி. உலகச் சண்டைக் காலம். ஊரில் அரிசி கிடைக்கவில்லை. முதலாளி ரெங்கராஜ் மூட்டையைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, "வண்டியில இருப்பா, வந்துர்றோம்" என்றார்.

பிறகு இருட்டறை வாசலுக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பிளேட்டுப் போடாத. வெறும் ஸ்லைடு மட்டும் எடுத்து வையி."

சந்தனராஜுக்கு முதலில் விளங்கவில்லை. ஸ்லைடு என்பது, படம் விழுகிற கண்ணாடிப் பிளேட்டை வைத்து மூடுகிற மரச்சட்டம். பிளேட்டு இல்லாமல் அதில் எதுவும் விழாது.

"மொதலாளி, அப்பொறம் படம்?"

"இருக்கிறதே நாலு. மெட்ராஸ்ல இருந்து எப்ப வரும்னு தெரியல. நாளைக்கி ஆவுடையார்கோவில் பண்ணையார் வேட்டைக்கிக் கூப்பிட்டிருக்காரு. அவுகளுக்கு என்ன தெரியப்போவுது, பிளேட்டுக் கெட்டுப்போச்சுன்னு சொல்லிக்கலாம்."

இருட்டறைக்குள் சிவப்பு விளக்கின் கீழே சந்தனராஜ் பிளேட்டுப் பெட்டியைத் திறந்தான். ஒரு கண்ணாடியை விளிம்பில் பிடித்து எடுத்து ஸ்லைடுக்குள் செருகினான். அது சரியாக உட்கார்ந்தது. ஒன்றுதானே என்று நினைத்தான். நாளைக்கு ஒன்று குறைந்தால் முதலாளி யாரைக் கேட்பார் என்பதையும் நினைத்தான். வீட்டில் இரண்டு நாளாகக் கேப்பைக் கூழ், அதுவும் தண்ணியாக.

"ஆச்சா?" என்றது வெளியிலிருந்து குரல்.

"ஆச்சு மொதலாளி." கண்ணாடியை உருவித் திரும்பப் பெட்டிக்குள் வைத்தான்.

ஆண்டிச்சாமி வீட்டு வேப்பமரத்தடியில் நாகராசுவைக் குளிப்பாட்டி நாற்காலியில் உட்கார்த்தியிருந்தார்கள். சந்தனராஜ்தான் துணியால் மார்பைச் சுற்றிக் கட்டி, துணி தெரியாமல் மேலே துண்டைப் போர்த்தினான். சரிந்த தலையை நிமிர்த்தித் தலைமுடியை வாரிவிட்டான். நாகராசுவின் பெஞ்சாதி அழகி கைக்குழந்தையோடு பக்கத்தில் வந்து நின்றாள். இருபது வயதுகூட இருக்காது. அழுது முகம் வீங்கியிருந்தது.

"அண்ணே, இவுக மொகம் நல்லா விழுமாண்ணே?"

"விழும் தாயி."

"புள்ளைக்கி மூணு மாசந்தேன் ஆவுது. அப்பன் மொகம் அவனுக்கு எப்புடித் தெரியும்? அதான், மூட்டையக் குடுத்துருவோம்னு பெரிய மச்சானக் கெஞ்சுனேன். வெதைக்கி வச்சிருந்தது."

சந்தனராஜ் குனிந்து, ஏற்கெனவே இறுக்கியிருந்த முடிச்சை மறுபடி இறுக்கினான்.

ரெங்கராஜ் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். வெளியே வந்து கையை நீட்டினார். சந்தனராஜ் ஸ்லைடைக் கொடுத்தான். அது லேசாக இருந்தது. எல்லோரும் பார்த்துவிடுவார்கள்போல அவனுக்குத் தோன்றியது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

"மூச்சு விடப்படாது, ஆடப்படாது" என்றார் ரெங்கராஜ்.

அழகி புருசன் தோளில் ஒரு கையை வைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு காமிராவையே பார்த்தாள். தூரத்தில் நின்ற சனங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். குழந்தைகூட அசையவில்லை. ரெங்கராஜ் மூடியைக் கழற்றி வாய்க்குள் எண்ணினார். சந்தனராஜ் தரையில் ஊர்ந்துகொண்டிருந்த எறும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். எண்ணி முடிகிற சமயத்தில் அழகிக்கு ஒரு விக்கல் வந்தது.

கடைக்குத் திரும்பியதும் ரெங்கராஜ் மூட்டையை அவிழ்த்து அவன் துண்டில் நாலு படி நெல் அளந்து போட்டார். சந்தனராஜ் துண்டை முடிந்துகொண்டு வீட்டுக்குக் கிளம்பினான்.

அவன் பெஞ்சாதி ஜெபமாலையம்மாள் நெல்லைப் பார்த்ததும் உரலைக் கழுவினாள். "மொதலாளியா குடுத்தாரு? நல்லாருக்கணும் அந்த மனுசன்" என்றாள். பிள்ளைகள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்துவிட்டன. சோறு வெந்த வாசனை வந்தபோது சந்தனராஜ் வயிறு சரியில்லை என்று சொல்லித் தெருவில் போய் நின்றான். கொஞ்ச நேரம் நின்றான். பிறகு உள்ளே வந்து, குழம்பு ஊற்றச் சொல்லி, இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

மறுநாள் வேட்டையில் பண்ணையார் துப்பாக்கியோடு நின்றதற்கு ஒரு பிளேட்டு போதுமாக இருந்தது. அவருடைய நாயைத் தனியாக எடுக்கச் சொன்னார். இரண்டு பிளேட்டில் அது தலையைத் திருப்பிவிட்டது. மூன்றாவதில்தான் படம் அமைந்தது.

அறுப்பு நேரத்தில் அழகி கடைக்கு வந்தாள். இடுப்பில் பிள்ளை, காலில் தூசி. இலுப்பூரிலிருந்து நடந்தே வந்திருந்தாள். ரெங்கராஜ் அவளைக் கண்டதும் உள்ளே போய்விட்டார்.

"படம் ஆச்சாண்ணே?"

சந்தனராஜ் சொல்ல வேண்டியதை ஏற்கெனவே மனப்பாடம் பண்ணி வைத்திருந்தான். "பிளேட்டுக் கெட்டுப்போச்சு தாயி. ஒண்ணும் விழல."

அவள் சத்தம் போடுவாளென்று எதிர்பார்த்தான். நெல்லைத் திருப்பிக் கேட்பாளென்று எதிர்பார்த்தான். அவள் பிள்ளையை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டாள்.

"நாந்தேன்" என்றாள். "கடைசில எனக்கு விக்கிருச்சு. அவரு சொல்லிக்கிட்டேதேன் இருந்தாரு, ஆடப்படாதுன்னு. அதுலதான கெட்டுச்சு?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உள்ளே முதலாளி செருமுவது கேட்டது.

"ஆமா தாயி" என்றான் சந்தனராஜ்.

அழகி தலையை ஆட்டிக்கொண்டாள். முந்தானையால் பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டு வெளியே இறங்கினாள். வாசல் கண்ணாடி அலமாரிக்குள் பண்ணையாரின் நாய் சட்டம் போட்டுப் பெரிதாக நின்றது. ஒவ்வொரு மயிரும் தெளிவாக விழுந்திருந்தது. பிள்ளை அதைப் பார்த்துக் கையை நீட்டியது. அழகி அவனைக் கண்ணாடி அருகே தூக்கிப் பிடித்தாள்.

"பாரு சாமி, வாயில்லாச் சீவன், எப்புடி அசையாம நிண்டுருக்கு பாரு."