கிழக்குப் புல்வெளியில் ஆள் இல்லை

ஜீப் சத்தம் கேட்டதும் கலாவதி சட்டென்று புல்லுக்குள் உட்கார்ந்துகொண்டாள். யோசிக்கவே இல்லை. இரண்டு வருஷப் பழக்கம். கணவன் ஜெயபிரகாஷ் முதல் நாளே சொல்லி வைத்திருந்தான்: "யாராச்சும் வந்தா நிக்காத கலா, உக்காந்துக்கோ. டிபென்டன்ட் விசாவுல இருந்துட்டு நீ வேலை பண்றேன்னு தெரிஞ்சா, ரெண்டு பேரையும் பேக் பண்ணி நாமக்கல்லுக்கே அனுப்பிருவாங்க."

அப்படி என்ன பெரிய வேலை? புல் அறுப்பதுதான். பதினாறு நாளைக்கு ஒரு முறை ஒரு செயற்கைக்கோள் டெக்சஸின் இந்த மூலைக்கு மேலே போய்ப் படம் எடுக்கும். படத்தில் தெரிகிற நிறத்துக்குத் தரையில் எவ்வளவு புல் என்று கணக்கிட, அதே நாளில் அங்கங்கே சதுரச் சட்டத்தைப் போட்டு, உள்ளே இருப்பதை வெட்டிப் பையில் கட்டி, காயவைத்து நிறுக்க வேண்டும். தொண்ணூற்றாறில் வந்த வறட்சிக்குப் பிறகு புல்வெளி தேறுகிறதா, கட்டாந்தரையாகிறதா என்பதுதான் ஜெயபிரகாஷின் பிஎச்.டி. ஒரே நாளில் இரண்டு புல்வெளி, ஆள் போதாது. அதனால் வடக்கில் அவன், கிழக்கில் அவள். வாசல் கேட்டில், உள்ளே போகிறவர்கள் பெயர் எழுதும் நோட்டில் மட்டும் வடக்கு, ஒரு ஆள் என்று அவன் பெயர் இருக்கும். வானத்திலிருந்து புல்லை அளக்கிற மகானுக்கு, பெண்டாட்டியை ஒளித்துவைக்க மார்பளவுப் புல் போதுமாக இருந்தது.

ஜீப் மெதுவாக ஊர்ந்தது. சைரன் இரண்டு முறை ஊளையிட்டது. ஒலிபெருக்கியில் யாரோ என்னவோ கூப்பிட்டார். மார்ச் மாதக் காற்று வார்த்தைகளை அள்ளிக்கொண்டு போய்விட்டது. யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள், தன்னைத்தான் தேடுகிறார்கள் என்று அவள் நினைத்தாள். இருபத்திமூன்றாம் பையை மார்போடு அணைத்துக்கொண்டு இன்னும் குனிந்தாள். ஜீப் போயே போய்விட்டது. அப்பாடா என்று மூச்சை இழுத்தாள். மூச்சோடு புகை வந்தது.

பழசை எரித்தால் புதுப்புல் நன்றாக வரும் என்று இங்கே அவ்வப்போது தீ வைப்பார்கள். இந்தத் தடவை அடுத்த வாரம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். காற்று தோதாக இருக்கிறது, நோட்டின்படி கிழக்கில் ஆளும் இல்லையென்று இன்றைக்கே ஆரம்பித்துவிட்டார்கள்.

எழுந்து பார்த்தாள். வடக்கே கோடு போட்டாற்போல் சின்னத் தீ. தெற்கே, காற்று வருகிற பக்கம் திரும்பினாள். இரண்டு ஆள் உயரத்துக்குத் தீ, ரயில் வருகிற சத்தத்தோடு வந்துகொண்டிருந்தது.

"ஹெல்ப்" என்று கத்தினாள். "ஏங்க" என்று கத்தினாள். "அம்மா" என்றும் கத்தினாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. கிழக்கே ஓடினாள், அங்கேயும் புகை. நான் இங்கே இருப்பது அவரைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. முதுகு சுட்டது.

வடக்குத் தீ முழங்கால் உயரம்தான் இருந்தது, காற்றை எதிர்த்து மெல்ல நகர்ந்தது. அதற்கு அந்தப் பக்கம் எரிந்து முடிந்த கரித்தரை. எரிய அங்கே எதுவும் மிச்சமில்லை. ஜாக்கெட்டைத் தலைக்கு மேல் இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு அதற்குள் பாய்ந்தாள்.

தீ வைத்துக்கொண்டிருந்த மஞ்சள் சட்டைக்காரர்கள் இரண்டு பேர் ஓடிவந்தபோது கரியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். புருவம் பொசுங்கியிருந்தது, கையில் கொப்புளம். மூத்தவர், எத்தனை தடவை கூப்பிட்டோம், ஏனம்மா எழுந்திருக்கவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்டார். யார் நீ, இங்கே என்ன செய்கிறாய் என்று பிறகு கேட்டார்.

புகையைப் பார்த்துவிட்டு ஜெயபிரகாஷ் காரை விரட்டிக்கொண்டு வந்து சேரக் கால் மணி நேரம் ஆயிற்று. ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தான். மஞ்சள் சட்டைக்காரர்களை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அவங்ககிட்ட என்ன சொன்ன?"

வேறு ஏதாவது கேட்பான் என்று கலாவதி கொஞ்சம் காத்திருந்தாள்.

"எல்லாத்தையும் சொல்லிப்போட்டனுங்க. ரெண்டு வருஷமா உங்களுக்குப் புல் அறுக்கறேன்னு சொன்னேன். ஜீப்பு வந்தா ஒளிஞ்சுக்கச் சொல்லியிருக்கீங்கன்னும் சொன்னேன்."

அவன் முகம் வெளிறிப்போனது. சற்று முன் தெற்கே திரும்பியபோது தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று கலாவதிக்குத் தோன்றியது. ஆனாலும் இரக்கம் வரவில்லை.