பாசிக்குப் போட்ட தீனி

கத்திக்காரருக்கு மீனைத் தெரியும். ஆனால் செத்த மீனைத்தான் தெரியும். ஆயுசு பூராவும் மார்க்கெட்டில் செதில் தேய்த்து, செவுள் பிடுங்கி, துண்டு போட்டுக் கொடுத்தவர். அப்பேர்ப்பட்ட மனுஷன் வீட்டுக் கூடத்தில் மகள் ஒரு உப்புத்தண்ணீர்த் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே மணல், ரெண்டு கடல்பாறை, வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன் ஒன்று.

“அம்மாவும் போயிட்டாங்க. நானும் வேலை மாறி வெளியூர் போறேன். வீட்டுல ஒரு உசிராவது இருக்கட்டும்ப்பா.”

“நல்லா இருக்கு, பாலுக்குப் பூனையைக் காவல் வெச்ச கதை,” என்றார்.

மேல்வீட்டு மெக்கானிக் எட்டிப் பார்த்தான். “என்னண்ணே, வெட்டின பாவத்துக்குப் பரிகாரமா?”

“உன்னைக் கேட்டேனா? படியேறு.”

மகள் போனதும் வீடு வாயை மூடிக்கொண்டது. மீன் மட்டும் அவர் நகர்ந்த பக்கமெல்லாம் கண்ணாடியோரமாகக் கூடவே வந்தது. எழுந்ததும் தொட்டி விளக்கைப் போடுவார்; படுக்கும்போதுதான் அணைப்பார். தட்டோடு உட்கார்ந்தால் அதற்கும் ஒரு சிட்டிகை தீனி. டீ குடித்தாலும் ஒரு சிட்டிகை. எதிரே ஒரு உயிர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க, தான் மட்டும் முழுங்குவது எந்த ஊர் நியாயம்?

முதலில் மணலில் பழுப்பாய்ப் படிந்தது. அப்புறம் பாறையில் பச்சையாய் மயிர் முளைத்தது. கத்தியால் கண்ணாடியைச் சுரண்டிப் பார்த்தார். சுரண்டச் சுரண்ட, ரோஷம் கெட்ட சொந்தக்காரன் மாதிரி பாசி திரும்பி வந்து உட்கார்ந்தது. மீன் இருக்கிற இடமே தெரியவில்லை.

வளர்ப்பு மீன் விற்கிற கடைக்குப் போனார்.

“பாசிக்கு மருந்து குடு.”

“மருந்தெல்லாம் வேணாம் பெரியவரே. லைட்டு எவ்வளவு நேரம் எரியுது?”

“நான் முழிச்சிருக்கிற வரைக்கும்.”

“தீனி?”

“நான் சாப்பிடுறப்பல்லாம்.”

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “வீட்டுல வேற யாரும் இல்லையா?”

“மீனுக்கு வைத்தியம் கேட்டா குடும்பக் கதையைக் கிளறுறியே!”

“கோவிச்சுக்காதீங்க. மீனுக்குப் போடுற மிச்சமெல்லாம் பாசிக்குத்தான் சாப்பாடு. வெளிச்சமும் அதுக்குத்தான் கொண்டாட்டம். கொஞ்ச நாளைக்கு லைட்டே போடாதீங்க, தொட்டியைத் துணியால மூடுங்க. தினம் ஒரே ஒரு வேளை தீனி. பாறையைக் குழாய்த் தண்ணியில மட்டும் கழுவிடாதீங்க. அதுல இருக்கிற நல்ல கிருமிதான் தண்ணியைக் காப்பாத்துது.”

கிருமியில் நல்ல கிருமியாம்! விற்கிறவன் எதையும் வாங்காதே என்கிறான் என்றால் அதில் என்னவோ இருக்கிறது. இந்த மீன் பட்டினியில் சாகட்டும், அடுத்ததை விற்கலாம் என்று கணக்குப் போடுகிறான். வீட்டுக்கு வந்த கையோடு பாறைகளைக் குழாயடியில் பிடித்து, செதில் தேய்க்கிற பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்து வைத்தார்.

ரெண்டு நாளில் மீன் தண்ணீர் மட்டத்தில் தொங்கிக்கொண்டு வாயைப் பிளந்தது. செவுள் படபடவென்று அடித்தது. கூடையில் வந்து இறங்குகிற மீன் கடைசியாக அப்படித்தான் அடிக்கும். அதை அவர் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். ஒரு தடவைகூடக் கத்தியை நிறுத்தினதில்லை.

“டேய், இருடா. போயிடாதடா,” என்றார். வீட்டில் அவர் குரலை அவரே கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

கடைக்கு ஓடி கேனில் உப்புத்தண்ணீர் வாங்கிவந்து பாதியை மாற்றினார். மறுநாளும் மாற்றினார். விளக்கை அணைத்து, போர்வையால் தொட்டியை மூடினார். தொட்டி மோட்டார் ஓடுகிற சத்தத்தைத் தவிர அந்தக் கூடத்தில் வேறொன்றும் இல்லை. பாதிச் சாப்பாட்டில் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார்.

ஒருவழியாகப் பாசி வெளுத்து உதிர்ந்தது. மீன் பிழைத்துக்கொண்டது.

மகள் போனில் கேட்டாள்: “மீன் எப்படிப்பா இருக்கு?”

“அதுக்கென்ன, ராஜா மாதிரி இருக்கு.”

“நீங்க?”

“இருக்கேன்.”

இப்போது காலையில் ஒரு வேளைதான் அதற்குத் தீனி. ஆனாலும் தட்டுச் சத்தம் கேட்டால் போதும், கண்ணாடியோரம் வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பார்த்தால் கை தானாகத் தீனி டப்பாவுக்குப் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். அதனால் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, தொட்டிக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்தபடி சாப்பிடுகிறார்.